எதிர்முறுக்கு நூல்

அப்பு லூர்து,

கடல் எழுந்து வந்து வேளாங்கண்ணிக் கரையை அடித்துப்போனதே, அதற்கு மறுவருஷம் அது. எனக்கு வருஷத்தை நம்பரில் சொல்லத் தெரியாது, நடந்ததை வைத்துத்தான் சொல்லுவேன். உன் அக்காளுக்குத் தலைப்பிள்ளை பிறந்ததும் அந்த வருஷம். வருஷத்தின் முன்பாதியில் ஆத்தூர் அணை தரை வெடித்துக் கிடந்து, பின்பாதியில் மறுகால் போனது. நான் தோல் பதனிடுகிற வேலை பார்த்த தோல் ஷாப்பில் பாதிப் பேரை நிறுத்தியதும் அப்போதுதான். இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வருஷத்துச் செபஸ்தியார் திருநாளில் நடந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உனக்கு வருஷம் ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை எழுதுவது நம்ம பக்கத்து வீட்டுப் பிலோமினா டீச்சர். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் வார்த்தையைப் பள்ளிக்கூடத்து வார்த்தையாக மாற்றிக்கொள்ளுங்கள், நான் சொன்ன விஷயத்தை மட்டும் நல்லதாக மாற்றிவிடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமே பெரியவரே, திருநாள் மலரில் அச்சாகி ஊரெல்லாம் படிக்குமே என்றார். அதற்காகத்தான் மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். உன்னை நான் சொன்னது ஊர் கேட்கச் சொன்னேன். அதை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு திருப்பி எடுத்தால் அது நியாயம் இல்லை. பங்குச் சாமியாரிடமும் பேசிவிட்டேன். திருநாள் மலரில் ஆட்டுக்கறி விருந்துக்கு அரிசி கொடுத்தவர்கள் பேரெல்லாம் வருமே, அதற்கு முந்தின பக்கத்தில் இது வரும்.

நம்ம பங்கைச் சேராதவர்களும் மலரை வாங்கிப் போவார்கள். அவர்களுக்காக நம்ம வழக்கத்தை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். எங்கள் கோவில் செபஸ்தியார் சுரூபம் மரத்தில் செய்தது. அம்பு பட்டு மரத்தில் கட்டப்பட்டிருக்கிற சுரூபம். உடம்பில் அஞ்சு துளை இருக்கும். அந்த அஞ்சு துளைக்கும் வருஷாவருஷம் புது அம்பு செய்து சொருக வேண்டும். சப்பரம் ஊரைச் சுற்றி வந்து நிலைக்கு வந்த பிறகு அந்த அம்புகளை உருவி, அந்த வருஷம் சீக்காய்ப் படுத்தவர்கள் இருக்கிற வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் அதைச் சாமி படத்துப் பக்கத்தில் ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். அம்பு செய்கிற பாத்தியதை எங்கள் வீட்டுக்கு. என் அப்பனுக்கு அவன் அப்பன் கொடுத்தது. எனக்குப் பிறகு உனக்கு.

அம்பு செய்வதில் மூங்கில் சீவுவது பெரிய வேலை இல்லை. கத்தி பிடிக்கத் தெரிந்த யாரும் சீவலாம். நூலும் பசையும்தான் வேலை. பின்பக்கம் வான்கோழி இறகை வைத்து நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். முன்பக்கம், சுரூபத்துக்குள் போகிற நுனியில், துளைக்குத் தக்கபடி நூலைச் சுற்றித் தடிப்பாக்க வேண்டும். தடிப்பு குறைந்தால் அம்பு நழுவும், கூடினால் மரம் விரியும். பசைக்கு வஜ்ஜிரம்தான். தோலில் செதுக்கித் தள்ளுகிற ஓரத்தையும் சவ்வையும் சுண்ணாம்பில் ஊறப்போட்டுக் கழுவிக் காய்ச்சினால் வருகிற பசை. நான் ஷாப்பில் இருந்ததால் வீட்டில் எப்போதும் கட்டி கட்டியாக இருக்கும், உன் அம்மா நாற்றம் தாங்காமல் அதைக் கொல்லையில் வைப்பாள். வஜ்ஜிரம் காய்ந்தால் கல். வெந்நீரில் நனைத்த துணியை ஒத்திக்கொடுத்தால் இளகி விட்டுவிடும். கடையில் விற்கிற பசைகள் விடாது. அம்பை இழுத்தால் சாமி மேல் இருக்கிற வர்ணத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

நூலைப் பற்றி நான் உனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நல்ல முறுக்கு உள்ள பருத்தி நூல், நைலான் ஆகாது, நைலான் பசையைக் குடிக்காது. அவ்வளவுதான் சொன்னேன். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது.

அந்த வருஷம் நான்தான் உன்னைக் கட்டச் சொன்னேன். உனக்கு மீசை கறுத்திருந்தது, இனிமேல் உன் கை பழகட்டும் என்று நினைத்தேன். நீ நொட்டாங்கைக்காரன். சோறு மட்டும் வலதுகையில் தின்னப் பழக்கியிருந்தோம், மற்றதெல்லாம் இடதுகைதான். அது எனக்கு அன்றைக்கு வரைக்கும் ஒரு குறையாகவே பட்டதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நீ உட்கார்ந்து அஞ்சு அம்பையும் கட்டினாய். நான் கொடுத்த நூல், நான் காய்ச்சிய வஜ்ஜிரம். கட்டி முடித்து என்னிடம் காட்டினாய். நூல் லேசாய்ப் பொசுபொசுவென்று இருந்தது. பார்த்தேன். பார்த்தும், காய்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன்.

சப்பரம் தெற்குத் தெருவில் திரும்புகிறபோது தூறல் போட்டது. பேண்டு செட்டுக்காரர்கள் மேளத்தின் மேல் பாலித்தீன் பையைப் போட்டு மூடினார்கள். அப்போது சாமியின் தொடையில் இருந்த அம்பில் நூல் பிரிந்து இறகு தொங்கியது. முன்னால் நின்ற ஜனம் கை நீட்டிக் காட்டுகிறது. சப்பரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அம்பே உருவிக்கொண்டு தார்ரோட்டில் விழுந்தது. நம்ம ஜனத்துக்கு அது எம்புட்டுப் பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். அம்பு விழுந்தால் ஊருக்குள் காய்ச்சல் வரும் என்று நம்புகிறவர்கள். ஒரு பொம்பளை அழவே ஆரம்பித்துவிட்டாள். சப்பரம் எப்படியோ கோவிலுக்கு வந்து சேர்ந்தது. கொடிமரத்தடியில் நாங்கள் நாலு பேர் கூடினோம். என் அண்ணன், அப்போது இருந்த உபதேசியார், நாட்டாமை, நான். நீ ஒதுங்கி அந்த அம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். ஜனம் சுற்றி நின்றது.

உபதேசியார் அம்பை வாங்கிப் பார்த்தார். நூலைத் திரித்துப் பார்த்துவிட்டு, "நூல் சரியில்லையா, கட்டுன கை சரியில்லையா?" என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான்.

லூர்து, அந்த இடத்தில்தான் நான் அதைச் செய்தேன். நூல் என்றால் அது நான் வாங்கிக் கொடுத்தது. பசை என்றால் அதுவும் நான் காய்ச்சியது. கை என்றால் நீ. என் அண்ணன் பக்கத்தில் நிற்கிறான், அவனுக்கு ரெண்டு மகன்கள், பாத்தியதையை இழுத்துக்கொள்ள எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறவன். என் நூல் தப்பு என்று ஊர் முன்னால் ஆகிவிட்டால் அடுத்த வருஷம் அம்பு அவன் வீட்டுக்குப் போய்விடும். இதெல்லாம் நான் உட்கார்ந்து யோசித்தது இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் உள்ளே ஓடியது. நான் வாய் திறந்து, "நொட்டாங்கை. அந்தக் கை செபஸ்தியாருக்கு ஆகலை" என்றேன். உடனே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பீச்சாங்கையால சாமி காரியம் செய்யலாமா என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இனிமேல் அந்தக் கை அம்பைத் தொடக் கூடாது என்று நாட்டாமை கட்டுப்பாடு போட்டார். நாலு பேரும் தலையாட்டினோம். எல்லாரையும் விட வேகமாக ஆட்டியது என் தலை.

நீ உபதேசியார் கையில் இருந்து அம்பைத் திருப்பி வாங்கினாய். அதைக் கொடிமரத்து மேடையில் வைத்தாய். உன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாய். அந்தத் துடைப்பு எனக்கு இன்னமும் தெரிகிறது. கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

வீட்டில் உன் அம்மா என்னிடம் சொன்னாள். அவள் பூக்கட்டுகிறவள். நிலக்கோட்டையில் இருந்து வருகிற மல்லியையும் கனகாம்பரத்தையும் நாள் பூராவும் கட்டியவளுக்கு நூல் தெரியாதா? அவளோடு பூக்கட்டிய ஒரு பிள்ளைக்கும் நொட்டாங்கை. அந்தப் பிள்ளை கட்டினால் நூல் பிரிபிரியாய் அவிழும், அதனால் அவளுக்கு மட்டும் தனியாய்த் திரித்து வேறு உருண்டை வைத்திருப்போம் என்றாள். "கையைக் குத்தம் சொல்லிட்டு வந்திருக்கீக. நூலை மாத்திக் குடுத்தா அவன் கட்டுவான். நாளைக்கே போய்ச் சொல்லுங்க" என்றாள். சோற்றில் கை வைத்துக்கொண்டு, பொம்பளைக்குச் சாமி காரியத்தில் என்ன பேச்சு என்று கேட்டேன். அவள் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை, சாகிற வரைக்கும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது, அப்பு. அன்றைக்குச் சாயந்தரமே எனக்குச் சொல்லியாகிவிட்டது.

அவள் சொன்னது என்னவென்று இப்போதுதான் உட்கார்ந்து கையால் செய்து பார்த்தேன். நூலுக்கு ஒரு பக்கமாய் முறுக்கு இருக்கிறது. நான் அம்பை இடதுகையில் பிடித்து, வலதுகையால் நூலைச் சுற்றுவேன். சுற்றச் சுற்ற முறுக்கு ஏறும், நூல் இறுகும். நீ அம்பை வலதுகையில் பிடித்து, இடதுகையால் எதிர்ப்பக்கம் சுற்றுவாய். அதே நூல் உன் கையில் சுற்றச் சுற்ற முறுக்கு அவிழும். அவிழ்ந்த நூலில் வஜ்ஜிரம் மேலாகத்தான் ஒட்டும், ஈரம் பட்டால் கழன்றுவிடும். கடையில் விற்கிற நூல் எல்லாம் என் கைக்கு என்று முறுக்கியது. இம்புட்டுத்தான் விஷயம். ஒரு நூல்கண்டை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும்.

அதன் பிறகு நீ மோட்டார் காயில் கட்டுகிற வேலைக்குப் போனாய். வத்தலக்குண்டு ரோட்டில் சொந்தமாய்க் கடை போட்டாய். ஒட்டன்சத்திரத்தில் இருந்தெல்லாம், "ஏனுங்க, லூர்து கடை எதுங்க?" என்று கேட்டுக்கொண்டு தண்ணி மோட்டாரைத் தூக்கி வந்தார்கள். நான் திருநாளுக்குத் திருநாள் அம்பு கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் புரை விழுந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. ஆனாலும் கட்டினேன். அம்பு கட்டி, கோவிலில் எடுபிடி வேலை பார்க்கிற கோவில்பிள்ளை இன்னாசியிடம் கொடுப்பேன், அவன் வாங்கிச் சொருகுவான். சப்பரம் வருகிறபோது எனக்குச் சாமி ஒரு வெளிச்சமாகத்தான் தெரியும், அம்பு தெரியாது. சப்பரம் நிலைக்கு வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, பார்த்தீங்களாடா, ஒரு இழை பிரிஞ்சிச்சா என்று கேட்பேன். இல்லண்ணே, பிரியல என்பார்கள். எல்லாருமே சொல்லுவார்கள். டீக்கடைக்காரன் அதற்காக ஒரு டீ சும்மா கொடுத்திருக்கிறான், அதையும் குடித்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து கமிட்டி கூடியது உனக்குத் தெரியும். நீ பின்னால் ஜன்னல் ஓரம் நின்றாய் என்று பிறகுதான் சொன்னார்கள். எனக்கு அப்போது உன்னைத் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் பயமாக இருக்கிறது. நான் எழுந்து, என்னால் இனி முடியாது, எனக்கப்புறம் இந்த வேலைக்குக் கை இல்லை, பித்தளையில் அஞ்சு அம்பு வார்த்து நிரந்தரமாய்ப் போட்டுவிடுங்கள் என்றேன். கமிட்டியில் யாரும் பேசவில்லை. எனக்கு மரியாதை கொடுத்து அமைதியாய் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாமியார் மட்டும், இன்னும் கொஞ்சம் யோசிப்போமே ஐயா என்றார்.

அதற்குப் பிறகு நீதான் என்னை மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் ஆபரேஷன் செய்து வைத்தாய். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்தாய். கட்டுப் பிரித்த பிறகு தினமும் கடைக்குப் போகும் முன்னால் வந்து சொட்டு மருந்து விட்டாய். தலையைப் பிடித்து, கண்ணை விரித்து, அந்த இடதுகையால்தான் விட்டாய். ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. நான் அப்போதும் ஒன்றும் நினைக்கவில்லை. மருந்து எரியுது என்று மட்டும் சொன்னேன்.

கண் தெளிந்ததும் முதலில் போனது உன் சவரி அத்தை வீட்டுக்கு. போன வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்தாளே, அதனால் ஒரு அம்பு அவள் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். மாதா படத்துக்குப் பக்கத்தில் நின்றது. என் கைவேலையை நானே ரொம்ப நாள் கழித்துப் பார்க்கப்போகிறேன் என்று ஆசையாய் எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். இழை இழையாய், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், தறியில் நெய்த மாதிரி இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், சுற்று எதிர்ப்பக்கம் ஓடியது. முகர்ந்து பார்த்தேன். இறகுக் கட்டில் வஜ்ஜிர வாடை இல்லை. மோட்டார் காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ் வாடை அடித்தது. உன் சட்டையில் அடிக்கிற வாடை.

அத்தை வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். என்னம்மா, இதில் சுத்து மாறிக் கிடக்கு என்று கேட்டேன். அவள் அரிவதை நிறுத்தவில்லை.

"கண்ணு தெரிஞ்சிருச்சாக்கும்."

"யார் கட்டுனது இது?"

"யார் கட்டுவா? லூர்துதேன். நீங்க கட்டுனதைச் சொருகியிருந்தா தெற்குத் தெரு தாண்டாதுண்ணே. உங்களுக்குத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். தெரியாத ஆளு நீங்க ஒருத்தர்தேன்."

நான் செத்த நேரம் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் காப்பி கொண்டுவந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்த்து வாங்க முடியவில்லை. புதுக்கண்ணை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அங்கிருந்து நேரே இன்னாசியிடம் போனேன். அவன் முதலில் ஒன்றும் இல்லை என்று மழுப்பினான். அப்புறம் பூசைச் சாமான் வைக்கிற சக்கிறிஸ்து அறையில் மெழுகுவர்த்திப் பெட்டிக்குக் கீழே இருந்து ஒரு துணிக்கட்டை எடுத்தான். என் கண் மங்கினதில் இருந்து நான் கட்டிய அம்பெல்லாம் அதில் இருந்தது, ஒன்றைக்கூட எறியவில்லை. பிரித்துப் பார்த்தேன். நூல் மேலும் கீழுமாய்ப் போய், இறகு ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே, வஜ்ஜிரம் காக்கா எச்சம் மாதிரி சொட்டுச் சொட்டாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் டீக்கடையில் பேசியிருக்கிறேன். எறியாமல் ஏன்டா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "லூர்துதேன் வைக்கச் சொன்னான். அப்பா கேட்டா காட்டணும், தூக்கிப் போட்டோம்னு ஆகிரக்கூடாதுன்னான்" என்றான்.

நீ செய்த விதத்தையும் அவன்தான் சொன்னான். சின்னாளபட்டித் தறிக்காரரிடம் முறுக்காத இழை வாங்கி வந்து, காயில் சுற்றுகிற கை மெஷினில் மாட்டி, எதிர்ப்பக்கமாய் முறுக்கி உன் கைக்கு என்று நூல் செய்தாயாம். கடையில் கிடைக்காத நூலை நீயே செய்துகொண்டாய். தூறலில் நனையாமல் இருக்க இறகுக் கட்டின்மேல் வார்னிஷ் அடித்தாய். ஆனால் முன்நுனியில், சாமி உடம்புக்குள் போகிற இடத்தில், வார்னிஷ் அடிக்கவில்லை. அங்கே மட்டும் வஜ்ஜிரம் வைத்தாய். என்னிடம் இருந்தே வாங்கிப் போன வஜ்ஜிரம். பலகை ஒட்ட வேணும்ப்பா, ஒரு கட்டி கொடுங்க என்று வருஷாவருஷம் கேட்பாயே, நானும் இவனுக்கு என்ன இத்தனை பலகை என்று கேட்டுக்கொண்டே கொடுப்பேனே. நான் சொன்னதில் எது சரியோ அதை வைத்துக்கொண்டாய். தப்பானதைச் சத்தம் போடாமல் மாற்றிக்கொண்டாய். எனக்குத் தெரிந்தால் நான் குன்றிப்போவேன் என்று ஊரையே வாய் மூடவைத்திருந்தாய். இந்தக் கிழவனுக்காக இவ்வளவு பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள், லூர்து. தினம் பூசைக்குப் போகிற ஜனம்.

கடைசியில் இன்னாசி சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இந்த வருஷம் கட்டமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாயாம். அவன் கெஞ்சியிருக்கிறான். நீ கோபமாகக்கூடப் பேசவில்லையாம். ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே, "கையே இல்லைன்னு கூட்டத்துல சொல்லிட்டாரு. இல்லாத கையால நான் எப்படிண்ணே கட்டுறது?" என்றாயாம்.

உன் கடைக்கு ரெண்டு தடவை வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். முதல் தடவை நீ டீ வாங்கிக் கொடுத்தாய், குடித்துவிட்டு வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வந்தேன். ரெண்டாவது தடவை நீ ஒரு பெரிய மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தாய். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கம்பி போகிற போக்கைப் பார்த்தேன், உன் கையைப் பார்த்தேன். விரல் அவசரப்படாமல் போகிறது, கம்பி கேட்டுக்கொண்டு படுக்கிறது. இத்தனை வருஷம் அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. சொல்லத்தான் வந்தேன். சொல்லாமல், இந்த மோட்டார் எந்த ஊர் மோட்டார் என்று கேட்டேன். அய்யலூர் என்றாய். ஆட்டுச்சந்தை எப்படி இருக்காம் என்று கேட்டேன். அதையும் பொறுமையாய்ச் சொன்னாய். வெள்ளாட்டு விலையைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் மன்னிப்புக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நீங்கள் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லையே ஐயா என்றார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் கடிதம் என்றால் ரெண்டு வார்த்தை இருக்க வேண்டும் என்று டீச்சர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். உன் பிள்ளைகள் செய்தது எதுவும் கெட்டுப்போனால், அவர்களிடம் நீ என்ன கொடுத்து அனுப்பினாய் என்று முதலில் பார். கூட்டம் கூடி நிற்கிற இடத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. நான் அன்றைக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். உன் பெண்டாட்டி பேச்சைக் கேள். உன் அம்மா பேச்சை நான் கேட்டிருந்தால் டீச்சருக்கு இவ்வளவு எழுதுகிற வேலை இருந்திருக்காது. என்னைக் கட்டிக்கொண்டு பூக்கட்டியே செத்தாள். அவளிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அப்படியே கிடக்கிறது.

பித்தளை அம்பு வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். யார் கட்டுவார்கள் என்று கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முதல் தடவையாய் உன்னைக் கேட்கிறேன், லூர்து. பாத்தியதை என்று இல்லை. அப்பன் சொல்கிறேன் என்றும் இல்லை. உனக்கு மனசு இல்லை என்றால் விட்டுவிடு. பித்தளையே போகட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன், உன்னையும் யாரும் ஒன்றும் சொல்லவிடமாட்டேன். ஆனால் கட்டுவதாய் இருந்தால் கடைக்குள் ஷட்டரை இறக்கிக்கொண்டு கட்டாதே. கொடியேற்றுகிற அன்றைக்குப் பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரத்தில், கொடிமரத்து மேடையில் உட்கார்ந்து கட்டு. நீ அந்த அம்பை வைத்தாயே, அதே இடத்தில். இடதுகையாலே கட்டு, எல்லாரும் பார்க்கட்டும். வஜ்ஜிரம் நான் காய்ச்சிக் கொண்டுவருகிறேன், அதற்கு இன்னும் கை இருக்கிறது. கொதிக்கவிடாமல், வெந்நீர்ச் சட்டிக்குள் டப்பாவை வைத்து, நீ கேட்கிற பதத்துக்கு. உனக்குக் கீழே படியில் உட்கார்ந்து நூல் நுனியைப் பிடித்துக்கொள்கிறேன். நூல் உன்னுடையது.

கட்டுப்பாடு இருக்கிறதே, நாலு பேர் போட்டதாச்சே என்று சாமியார் கேட்டார். போட்டவர்கள்தான் எடுக்க வேண்டும் என்பது நம்ம வழக்கம் என்றேன். என் அண்ணன் சின்னப்பன் முதலில் போனான், பாத்தியதை கிடைக்காமலே. உபதேசியார் ராயப்பன் பழனி ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாட்டாமை மிக்கேல் போன தவக்காலத்தில் போய்விட்டார். அவரைத் தூக்கியதில் நீயும் ஒரு பக்கம் தோள் கொடுத்தாய், இடதுபக்கம். மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்தில் பக்கம் பக்கமாய்க் கிடக்கிறார்கள், அவர்களை எழுப்பிக் கேட்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டை இந்த மலரைப் படிக்கிற எல்லாரும் அறிய இன்றைக்கு எடுக்கிறேன். அன்றைக்குக் கொடிமரத்தடியில் நின்று உன் கையைப் பழித்தவர்களில் இன்னும் உசுரோடு இருக்கிறவன், தோல் ஷாப்பு சூசைமாணிக்கம்.